ஆர்ச் கேட்டின் அகமும் புறமும்: கெடுவுக்கு முன் வீடு காலி செய்தல் குறித்து ஓர் ஆய்வு

தமிழர் வாழ்வை அகம், புறம் என்று வகுத்த இலக்கணிகள் நெய்வேலிக்கு வந்துபோனதாகச் சான்று இல்லை. வந்திருந்தால் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருந்திருக்காது. ஆர்ச் கேட்டுக்கு உள்ளே பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் டவுன்ஷிப். அகலமான சாலை, எண் போட்ட வட்டங்கள், கொல்லையில் பலா, வாசலில் மா, அது அகம். வெளியே இந்திரா நகர், வடக்குத்து. இன்னொரு பக்கம் மந்தாரக்குப்பம். மாடிக்கு மேல் மாடி, கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை, அது புறம். இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: அகத்தில் தாமதமாகக் காலி செய்வது குற்றம், புறத்தில் சீக்கிரம் காலி செய்வது குற்றம்.

இரண்டு குற்றங்களுக்கும் பிறந்த ஆண்டு ஒன்றே. 1882-இன் நான்காம் சட்டம் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 105-ஆம் பிரிவு குத்தகை எது என்று சொல்கிறது. அடுத்ததாகப் பிறந்த ஐந்தாம் சட்டம் வசதியுரிமைச் சட்டம். அதன் 52-ஆம் பிரிவு உரிமம் எது என்று சொல்கிறது. குத்தகைக்காரருக்கு வீட்டின் மீது ஓர் உரிமை உண்டு. உரிமம் பெற்றவருக்கு இருப்பது, ‘சரி, இருந்துகொள்’ என்ற அனுமதி மட்டுமே. வேலையோடு வரும் குவார்ட்டர்ஸ் பொதுவாக இரண்டாம் வகை. வேலை முடிந்தால் அனுமதியும் முடிந்தது. அதற்கு மேலும் மாம்பழம் பறித்துக்கொண்டிருப்பவருக்காக 1971-இல் பொதுக் கட்டடங்களிலிருந்து வெளியேற்றும் சட்டம் ஒன்று தனியே வந்தது. மத்திய அரசின் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். தண்ட வாடகை வெளியேற்றத்துக்கு முன்பே வந்துவிடும்.

அகத்தில் தாமதமாகக் காலி செய்ததற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு மனிதர் அல்ல. சோவியத் உதவியோடு எழுந்து 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம்தான். ஓய்வு பெறும் தேதியைத் தள்ளித் தள்ளி, 2020-இல்தான் முழுதாக விடைபெற்றது. அதனிடம் யாரும் தண்ட வாடகை கேட்கவில்லை. கணக்காளராகவோ கிரேன் ஓட்டுநராகவோ இருந்திருந்தால் கதையே வேறு.

இனிப் புறத்துக்கு வருவோம். ஆய்வின் பொருள் அங்கேதான் செழித்துக் கிடக்கிறது.

கெடுவுக்கு முன் கிளம்புவோர் மூவகையினர்: குவார்ட்டர்ஸ் பெற்றார், மாற்றலுற்றார், மனம் கசந்தார். மூன்றாம் வகையினர் மாடித் தண்ணீர் டேங்கை யார் நிரப்புவது என்பதில் உருவாகிறார்கள். அவர்கள் எந்த ஊரிலும் உண்டு, விட்டுவிடலாம். இரண்டாம் வகையினர் நிறுவனத்தின் வெளிமாநிலத் தளங்களான ராஜஸ்தானின் பர்சிங்சருக்கோ ஒடிசாவின் தாலாபிராவுக்கோ போகிறவர்கள். இவர்களிடம் வீட்டுக்காரர் மனம் இரங்குவதுண்டு. பாலைவனத்துக்குப் போகிறவனிடம் பெயிண்ட் காசு கேட்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். முதல் வகையினர்தான் பாவம் செய்தவர்கள். வேலையில் சேர்ந்து, இந்திரா நகரில் பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டு, புரோக்கருக்கு ஒரு மாத வாடகையும் தந்து, காஸ் கனெக்‌ஷன் மாற்றி முடித்த வாரத்தில் ஒதுக்கீட்டு ஆணை வந்துவிடுகிறது. கொல்லையோடு வீடு, அதுவும் சொற்பத் தொகைக்கு. வீட்டுக்காரரிடம் சொல்லப் போகும்போது முகத்திலிருக்கும் சந்தோஷத்தை மறைக்க முடிவதில்லை. பேரம் அங்கேயே தோற்றுவிடுகிறது.

எதிரே ஈஸி சேரில் இருப்பவர் யார் என்பதையும் ஆய்வு கருத்தில் கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவரும் முன்னாள் அகத்தவர். பணிக்காலம் முழுதும் வட்டத்து வீட்டில் இருந்து, ஓய்வு பெற்றதும் பேரன் பரீட்சை முடியட்டும் என்று கூடுதல் மாதங்கள் கேட்டு எழுதி, கடைசியில் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் போட்டு வடக்குத்தில் மாடிவீடு கட்டியவர். தாமதமாகக் கிளம்பிய தழும்பு ஆறும் முன்பே, சீக்கிரம் கிளம்புகிற ஒருவன் முன்னால் வந்து நிற்கிறான்.

“தம்பி, குவார்ட்டர்ஸ் கெடைச்சதுல எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா அக்ரிமெண்ட்னு ஒண்ணு இருக்கில்ல?”

“இருக்குங்க சார். ரெண்டு மாசம் முன்னாடி சொன்னாப் போதும்னு போட்டிருக்கே.”

“சொன்னாப் போதும்னுதான் போட்டிருக்கு. போனாப் போதும்னு போடலையே.”

உரையாசிரியர்கள் கூட இவ்வளவு நுட்பமாகப் பொருள் பிரித்திருப்பார்களா என்பது ஐயம்தான். அக்ரிமெண்டில் எதுவும் சொல்லாத மாத வாடகைக் குடித்தனத்துக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு போதும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. ஆனால் அதை ஈஸி சேர் முன் நின்று சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் அட்வான்ஸோடு திரும்பியதில்லை.

கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும்போது அடையும் மாற்றங்களை நம் இலக்கணம் முன்பே சொல்லி வைத்திருக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். கொடுத்தபடியே திரும்பினால் அது இயல்பு. இலக்கண நூலில் இயல்புக்கு இடம் உண்டு, இந்திரா நகரில் குறைவு. முந்தைய குடித்தனக்காரர் காலத்துக் கரண்ட் பில் திடீரென முளைப்பது தோன்றல். ‘பெயிண்டுக்கு ஒரு மாசம்’ என்று தொகை உருமாறுவது திரிதல். ‘அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்’ என்பது கெடுதல்.

காலி செய்யும் நாளில் நடக்கும் தணிக்கையை அருகிருந்து பார்த்தால் சுரங்கத்து ஆய்வுக் குழு தோற்றுவிடும். வீட்டுக்காரர் கையில் பால்பாயிண்ட் பேனா. ஒவ்வொரு குழாயையும் இறுக்கி மூடி, சொட்டுகிறதா என்று உள்ளங்கையை நீட்டி நிற்கிறார். டியூப்லைட் இரண்டு முறை சிமிட்டினால் குறித்துக்கொள்கிறார். சுவரில் ஆணி இருந்த ஓட்டையில் பேனா முனையை விட்டு ஆழம் பார்க்கிறார். காலண்டர் ஆணிக்கு மன்னிப்பு உண்டு, டிவி மாட்டிய ஓட்டைக்குக் கிடையாது. பிறகு சன்னல் விளிம்பை விரலால் தேய்த்து, கறுத்த விரலைக் குடித்தனக்காரருக்குக் காட்டுகிறார்.

சட்டவியலின் சுவையான கேள்வி இங்கேதான் எழுகிறது. வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானத்துக்கும் தடுக்க முடியாத சக்தியால் வரும் மாற்றத்துக்கும் குடித்தனக்காரர் பொறுப்பல்ல என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. பழுப்பு நிலக்கரி எரியும் ஊரில் சன்னலில் படியும் சாம்பல் தேய்மானமா, தடுக்க முடியாத சக்தியா? 2011 டிசம்பர் 30-இல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த தானே புயல் தடுக்க முடியாத சக்தி என்பதில் இருவேறு கருத்தில்லை. புயலில் வீட்டின் முக்கிய பகுதி அழிந்தால், வேண்டுமென்றால் குத்தகையையே செல்லாததாக்கிக்கொள்ளலாம் என்று அதே பிரிவு குடித்தனக்காரருக்குச் சொல்கிறது. புயல் ஒரு நாளில் வந்து போகிறது, சாம்பல் தினமும் வருகிறது. தினமும் வருவதைத் தடுக்க முடியாத சக்தி என்று சொன்னால் வீட்டுக்காரர் ஒப்புவதில்லை, துடைத்திருக்கலாமே என்கிறார்.

மிச்ச மாத வாடகையை முழுதாகப் பிடித்துக்கொள்ளலாமா? 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அவ்வளவு தாராளமானது அல்ல. பத்திரத்தில் எழுதிய தண்டத் தொகை உச்சவரம்பு மட்டுமே. கிடைப்பது நியாயமான இழப்பீடு. 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது. இழப்பைக் குறைக்க வழி இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது 73-ஆம் பிரிவு. அடுத்த மாதமே புதுக் குடித்தனம் வந்துவிட்டால் ஒரே வீட்டுக்கு இருவரிடம் வாடகை வாங்குவதற்குப் பெயர் இழப்பீடு அல்ல. ‘நீங்களே ஒரு ஆளப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போங்க’ என்று வீட்டுக்காரர் சொல்வது இந்தச் சட்டத்தைப் படிக்காமலேயே அதன் சாரத்தைப் பிடித்த வாக்கியம்.

2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் அது நகர்ப்புறங்களுக்கானது. கங்கைகொண்டான் பேரூராட்சியில் இருக்கும் மந்தாரக்குப்பத்துக்கு அது எட்டும். கிராம ஊராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் மறுபடியும் 1882தான்.

ஆகப் பழைய சட்டம் பஞ்சாங்கம். ஆனியில் ஒதுக்கீட்டு ஆணை வந்தால் விபரீதம். ஆடியில் குடிபோகக் கூடாது. வாஸ்து புருஷன் ஆடியிலும் ஒரு நாள் கண் விழிக்கிறார், மனைக்குப் பூசை போடலாம். பெட்டி படுக்கையோடு போகத்தான் கூடாது. ஆகவே ஆனிக் கடைசியில் நல்ல நேரம் பார்த்து குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு இந்திரா நகருக்கே திரும்பி, ஆடி முழுதும் இரண்டு வீட்டுக்கும் பணம் கட்டுகிறார்கள். மார்கழியிலும் இதே கூத்து.

வாடகையே இல்லாமல் மொத்தப் பணத்தையும் கொடுத்து இருக்கும் ‘லீசு’க்காரர், அதாவது போக்கியக்காரர், நடுவில் கிளம்பினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஒன்றும் ஆகாது. அந்தப் பணம் மேல்மாடியாக ஏற்கெனவே எழும்பி நிற்கிறது. மாடியைக் கழற்றித் தர முடியாது.

நிலக்கரிக்காக ஊரைவிட்டே எழுந்து போன பழைய கிராமத்தார் எந்தக் கெடுவையும் முறிக்கவில்லை, அவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள். அவர்களைப் போலி ஆய்வு ஒன்றில் அடக்கும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை.

குவார்ட்டர்ஸ் பெற்றாரின் பிற்காலம் மட்டும் பாக்கி. கொல்லைப் பலா காய்க்கத் தொடங்கும் பருவத்தில் அவர் வடக்குத்துப் பக்கம் ஒரு மனைக்குத் தவணை கட்டத் தொடங்குகிறார். பழைய அக்ரிமெண்டின் நகலை நாப்தலின் உருண்டையோடு பீரோவில் வைத்திருக்கிறார். தமக்கு வரப்போகும் குடித்தனக்காரருக்கு மாதிரியாக. ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறார்: பெயிண்டுக்கு இரண்டு மாதம்.