இங்கேருந்து போகுது!

"இங்கேருந்து 12 போகுது தம்பி."

வாக்கிடாக்கியில் இந்தக் குரல் கேட்டதுமே என் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். கன்ட்ரோல் ரூம் அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டால், கோளாறு ஃபீல்டில்தான். நான் 62 படி ஏறி பாய்லர் மேடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

12 என்றால் வால்வுக்குப் போகும் 12 மில்லியாம்ப் கரண்ட். எங்கள் வால்வு 4 வந்தால் மூடும், 20 வந்தால் முழுக்கத் திறக்கும், 12 வந்தால் பாதி. மூடச் சொல்வதற்குக்கூட எதற்கு 4? 0 வந்தால் எங்கோ அறுந்துவிட்டது என்று உடனே தெரியட்டும் என்றுதான். இவ்வளவு யோசித்தவர்கள் அண்ணனை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

அவர் திரையில் மின்னும் 12, போன கரண்ட் அல்ல. போகச் சொன்ன கரண்ட். மணியார்டர் ஃபாரத்தை எழுதி முடித்த கையோடு, ஊரில் பணம் சேர்ந்துவிட்டது என்று சத்தியம் செய்கிற ஆள். காலை ஷிப்டில் "போகுது". மதியம் "நல்லாப் போகுது". ராத்திரி இரண்டு மணிக்கு "போகுதுன்னுதானே சொல்றேன்". மேனேஜர் பக்கத்தில் நின்றால் "பக்காவாப் போகுது சார், ஃபீல்டு பசங்க பாக்கணும்". கரண்ட் அனுப்பும் கார்டையே கழற்றி மேசைமேல் வைத்தாலும் அதிலிருந்தும் 12 போகும்.

போன வாரம் ஒரு ராத்திரி வால்வு அசையவில்லை. ஏறினேன். வால்வை அசைக்கும் பொசிஷனரில் ஒரு வயரைக் கழற்றி, இடையில் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். 0.00.

"அண்ணே, ஒண்ணும் வரல."

"இங்கேருந்து போகுதே! மீட்டர் ஃப்யூஸப் பாரு."

இந்த ஃப்யூஸ் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீட்டர் வயர் மில்லியாம்ப் துளையில் இருப்பதை மறந்து 24 வோல்ட்டை அளக்கப் போனேன். மீட்டரின் ஃப்யூஸ் போனது. அது தெரியாமல் அரைநாள் எல்லா லூப்பிலும் 0 என்று அலறிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்து, தன் டிராயரிலிருந்து ஃப்யூஸ் எடுத்துக் கொடுத்தவர் இதே அண்ணன்தான். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் வாரம் ஒருமுறை சொல்வார்.

இந்தத் தடவை மீட்டர் நன்றாகவே இருந்தது. கீழே இறங்கி கேலிபிரேட்டரை எடுத்து வந்து, பொசிஷனருக்கு நானே 12 கொடுத்தேன். வால்வு பாதி திறந்து சமர்த்தாக நின்றது. வால்வைத் தள்ளும் காற்றும் சரி, வால்வும் சரி.

"அப்ப கேபிள்தான் தம்பி. நம்ம பக்கம் ஓகே."

லூப் என்பது வளையம். ஒரு முனையில் கிளம்பியது சுற்றி வந்து மறுமுனையில் சேர வேண்டும். திரும்பி வராதது கிளம்பவே இல்லை. அதில் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே அளவுதான். அந்த வளையத்துக்குள் வேலி போட்டு நம்ம பக்கம், உங்க பக்கம் என்று பாகப்பிரிவினை செய்ய அண்ணனால் மட்டுமே முடியும்.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். கேபிளைச் சோதித்தேன். குறை இல்லை. மூன்றாவது முறை இறங்கியபோது கன்ட்ரோல் ரூமுக்கே போய், அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் கேபினட்டைத் திறந்தேன். அந்த லூப்பின் கண்ணாடி ஃப்யூஸ் கருத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அண்ணன் முதுகுக்கும் அதற்கும் நாலடி தூரம்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்ப ஒரு நொடி ஆகும். எனக்கு மூன்று தடவை ஏறி இறங்கி 372 படி. பாய்லர் மேடை ராத்திரியிலும் கொதிக்கும்.

அண்ணன் பேசவில்லை. டிராயரைத் திறந்து புது ஃப்யூஸ் எடுத்தார், போட்டார். வால்வு அசைந்தது. திரையைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேனே, 12 போகுதுன்னு."

ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றி வைத்துவிட்டு, லாக்புக்கில் எழுதினார்: 'ஃபீல்டில் லூஸ் கனெக்‌ஷன். சரிசெய்யப்பட்டது.'