மூலை பிடிப்போர்

வகுப்பில் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து உருப்படியாக வேலை வாங்குவது எப்படி என்பதைப் பற்றிச் சில உபயோகமான யோசனைகளைச் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். ஆனால், நேற்றிரவு நெடுநேரம் தெர்மோகோலைச் செதுக்கிய விரல்களில் பசை இன்னும் உரியாதிருக்கையில், யோசனைக்கு முன்னால் ஆத்திரம் வந்து நின்றால், குழந்தைகளின் 'குரூப் பிராஜெக்ட்'டை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துக்கொடுத்துப் பழகிய வாசகர்கள் க்ஷமிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நாங்கள் குடியிருப்பது வில்லிங்டன் தீவில். என் மகளின் குழுவுக்கு வாய்த்த தலைப்பும் அதுவே. 1920-ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், துறைமுக வாயிலை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டித் திறந்து, காயலில் தூர்வாரிய மண்ணைக் கொட்டியே இத்தீவின் பெரும்பகுதியை உண்டாக்கினார். 1928 மே 26-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்தில் பிரவேசித்தது. அவருக்குத் தூர்வாரும் கப்பல் இருந்தது. எனக்கு இருந்ததோ மழுங்கிய பிளேடு ஒன்று.

குழுவில் ஐந்து பேர். ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி வரைவாள், ஒருவன் பேசுவான், ஒருவன் ஸ்கெட்ச் பேனா கொண்டுவர மறப்பான். ஐந்தாமவன் சார்ட்டின் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இந்த ஐந்தாமவன் விஷயத்தில் எனக்கு நீண்டகால ஆராய்ச்சி உண்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தவிர வேறு அவயவம் எதையும் சிரமப்படுத்தாமல், சார்ட்டில் உள்ள சகலமும் தன் சிந்தையில் உதித்தவை என்பது போன்ற கம்பீரத்துடன் அவன் நிற்கும் நிலையைக் கண்டு ஆசிரியை பரவசப்படுகிறார். அவனே கல்லூரிக்குப் போய்க் கருத்தரங்கில் பேனரின் மூலையைப் பிடிக்கிறான். உத்தியோகத்தில் அமர்ந்து, பிறர் தயாரித்த அறிக்கையின் மூலையைப் பிடித்தபடி மேலதிகாரியின் அறைக்குள் நுழைகிறான். கல்யாண வீடுகளில் பந்திக்கு இலை போடும்போது காணப்படாமல், புகைப்படக்காரர் வந்ததும் சம்பந்தியின் அங்கவஸ்திரத்து மூலையைச் சரிசெய்துகொண்டு தோன்றுகிறான். வெள்ள நிவாரணத்துக்கு அளிக்கப்படும் ஆளுயரக் காசோலைக்கு நான்கு மூலைகள் இருப்பது அவனைப் போன்ற நால்வரை உத்தேசித்தே என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். திறப்பு விழாக்களிலோ, கத்தரிக்கோல் மந்திரியிடம் இருந்தாலும், ரிப்பனின் நுனி அவனிடமே இருக்கிறது.

இத்தீவின் கதையே இதற்கு சாக்ஷி. பிரிஸ்டோ இருபது வருஷத்துக்கு மேல் இங்கே பாடுபட்டார். இடுப்பளவு சேற்றில் நின்ற கூலிகள் எத்தனையோ பேர். பெயர் மட்டும், சென்னைக் கவர்னராயிருந்து பின்னர் வைஸ்ராயான வில்லிங்டன் பிரபுவுக்கு! சேறு அள்ளிய கப்பலுக்கும் 'லார்டு வில்லிங்டன்' என்றே பெயர். பிரிஸ்டோவுக்குக் கிடைத்தது தீவுக்குள் ஒரு சாலை. கூலிகளுக்கு ஒரு சந்துகூட இல்லை. (பிரிஸ்டோவை அனுப்பிவைத்தது வில்லிங்டன் பிரபுதானே என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்லக்கூடும். மூலை பிடிப்பவர்களுக்காகப் பரிந்து பேச எப்போதும் ஆள் உண்டு.)

பிரான்ஸ் தேசத்து ரிங்கெல்மான் என்பவர், ஆட்களைக் கயிறிழுக்கவிட்டு அளந்து 1913-ல் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு விழுந்த பலம், தனியே இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், ஐந்து பிள்ளைகளின் கயிற்றை ஒரு தகப்பன் தனியே இழுக்கும் விநோதத்தையும் அளந்து போயிருப்பார். நிற்க, யோசனைகளுக்கு வருகிறேன். முதலாவதாக, குழுவைப் பிரிக்கும்போதே ஆசிரியர் செய்யவேண்டியது என்னவென்றால்...

மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். குழுவுக்கு முதல் பரிசாம். 'சிறந்த ஒத்துழைப்பு' என்ற தனிப்பரிசு, மூலை பிடித்தவனுக்காம். அடுத்த தலைப்பு, கோட்டைக் கொச்சியின் சீனவலை.

"மூங்கில் குச்சி யார் பொறுப்பு?" என்று கேட்டேன்.

"நீங்கதாம்ப்பா. குரூப்ல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம்" என்றாள்.