மீன் கத்தி

என் கத்தி முதலில் வேறொரு பூண்டிக்குப் போய்விட்டுத்தான் வந்தது.

பூண்டி என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி. 1944-இல் கட்டி, சத்தியமூர்த்தி பெயர் சூட்டிய நீர்த்தேக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் சொன்னால் மாதா கோயில். கோயம்புத்தூரில் சொன்னால் வெள்ளியங்கிரி அடிவாரம். ஏழாவது மலைவரை ஏறியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். எங்கள் பூண்டிக்கு இந்தப் பெருமை எதுவும் கிடையாது. கொடைக்கானலிலிருந்து மேற்கே 40 கி.மீ. வாக்கில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் கழிந்து, கிளாவரைக்கு முந்தின ஊர். விளைவது பூண்டு. பூண்டியில் பூண்டு என்றால் கதை விடுகிறான் என்று நினைப்பார்கள் என்பதால், யாராவது கேட்டால் கேரட் என்று சொல்லிவிடுவேன். அதுவும் விளைகிறது, பொய்யில்லை.

கூரியர்காரர்களுக்கும் இதே குழப்பம்தான். பார்சல் எங்கே வருகிறது என்று போனில் பார்த்தால், அது திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிக்காற்று வாங்கிக்கொண்டிருந்தது. மதுரை வீட்டுக்கே வரவழைத்திருக்கலாம். ஆனால் அங்கே பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது என் மனைவி. மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் விலையைப் படிப்பதும் அவள்தான். ஒரு மடக்குக் கத்திக்கு 3,400 ரூபாய் என்பதற்கு நியாயம் சொல்லும் வாய் எனக்கில்லை. பூண்டு எடுப்புக்கு ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம், கொடைக்கானலிலிருந்து வந்த கடைசி பஸ்ஸில், கண்டக்டர் கையில் கத்தி வந்து இறங்கியது.

இது என் இரண்டாவது கத்தி. முதலாவது 1983-இல், பூம்பாறை குழந்தை வேலப்பர் தேரின்போது வாங்கியது. எனக்கு ஒன்பது வயது. வளையலும் பலூனும் தொங்கிய கடையில், சாக்கு விரிப்பின் மேல் பித்தளை மீன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. செதில் செதிலாக அச்சடித்த மீன். வாலைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் உள்ளிருந்து கத்தி வரும். விலை இரண்டு ரூபாய். கடலும் ஆறும் பார்க்காத ஊரில் ஒரு பையன் மீனோடு திரும்பி வந்தான்.

வீட்டுக்கு வந்து திறந்தால், கத்தி ஆடியது. சும்மா ஆட்டமில்லை, பால் பல் ஆடுகிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. மடக்கினால் நடுவில் போய்ப் படுக்காமல் ஒரு பக்கச் சுவரில் உரசிக்கொண்டு நின்றது. அழுகை வந்துவிட்டது. அப்பா வாங்கிப் பார்த்தார். மீனின் கண் என்று நான் நினைத்திருந்தது கண் இல்லை, ரிவெட்டுத் தலை. துணி துவைக்கிற கல்லில் மீனைக் கிடத்தி, அரிவாளின் முதுகால் அந்தக் கண்ணில் ஒரு தட்டுத் தட்டினார். திறந்தார். இன்னும் ஆடியது. இன்னொரு தட்டு. இப்போது திறக்கவே வரவில்லை. சிம்னி விளக்கிலிருந்து ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் மீனைத் திருப்பிப் போட்டு மறு கண்ணில், ஈயை அடிக்கிற அளவுக்கு மெதுவாக, ஒரு தட்டு. அவ்வளவுதான். ஆட்டம் நின்றது, கத்தியும் நகர்ந்தது. எல்லாம் சேர்த்து ஒரு பீடி கரைகிற நேரம். மீனுக்கு ஒரு கண் கொஞ்சம் நசுங்கி, ஆயுசுக்கும் என்னைச் சந்தேகமாகவே பார்த்தது.

அந்தக் கத்தி வெட்டாதது இல்லை. நன்றாக வெட்டியது என்று சொல்ல வரவில்லை. விதைக் கிழங்கைத் துண்டுக்கு ரெண்டு கண் இருக்கிற மாதிரி நறுக்குவது, பூண்டுத் தாள் அரிவது, பேரிக்காய், பிளம்ஸ், கால் முள், வாட்டில் மரத்தில் கவட்டை வெட்டுவது, யூகலிப்டஸ் பட்டையில் ஒரு பெண்ணின் முதலெழுத்தைச் செதுக்கிவிட்டு, அவள் அண்ணன் வருவதைப் பார்த்ததும் அதையே சுரண்டி எடுப்பது, எல்லாவற்றுக்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பென்சில் சீவ, "டேய் மீனு, அத எடு" என்பார். காக்கி டவுசர் பையில் கத்தி இருப்பது குற்றம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூண்டுச் சாறு பட்டுப் பட்டு இரும்பு கறுத்துப்போனது. சாணை என்றால் அம்மிக்கல்லின் ஓரம்.

அதற்குப் பூட்டு கிடையாது. கவட்டைக்குக் காடி எடுக்கும்போது மடங்கி, இடது கை ஆள்காட்டி விரலில் எலும்புவரை இறங்கியது. அப்பத்தா காப்பித்தூளை வைத்து அழுத்திக் கட்டினார். தழும்பு இன்னும் இருக்கிறது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஏறக்குறைய நான் விரலை அறுத்துக்கொண்ட அதே காலத்தில்தான் அமெரிக்காவில் மைக்கேல் வாக்கர் என்பவர், கத்தி திறந்ததும் பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு துள்ளி வந்து கத்தியின் அடியில் முட்டுக்கொடுக்கிற லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பூம்பாறைத் தேர்க்கடைக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

இரண்டாவது கத்தியில் அந்தத் தகடு இருக்கிறது. நகைக்கடை டப்பா மாதிரி ஒரு டப்பா, உள்ளே கறுப்பு மெத்தை, அதற்குள் மூன்றங்குலக் கத்தி, ஜாதகம் மாதிரி ஒரு சீட்டு. டி2 எஃகு, கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் பன்னிரண்டு. பன்னிரண்டு சதவீதக் குரோமியம் துருவைத் தடுக்கப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அதில் ஒரு பெரும் பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகளாகிவிடுகிறது. கூர் நிற்பது அதனால். துருவுக்கு முழுக் காவல் இல்லாமல் போவதும் அதனால். ராத்திரி ஆனால் ஜன்னல் வழியே மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊரில் இந்த எஃகு. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மாமா பார்த்துவிட்டு, "சாமிக்கு எண்ணெய்க் காப்பா மாப்ளே?" என்றார்.

திறந்து பார்த்தேன். வரவில்லை. அச்சுத் திருகை ராட்சதன் ஒருவன் முறுக்கி அனுப்பியிருந்தான். கட்டைவிரலால் தள்ளித் திறக்க வேண்டிய கத்தி. இரண்டு கையும் ஒரு பல்லும் தேவைப்பட்டது. திருகின் தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி. 1967-இல் அமெரிக்காவில் செய்து வந்த வடிவம். நம் ஊர் செல்போன் கடைகளில் அதற்கு ஸ்டார் என்று பெயர். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதைத் தொடாது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன டிரைவர், அறுநூறு ரூபாய், அதே பார்சலில் வாங்கியிருந்தேன்.

இங்கே சுவிஸ் பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் 1890-91 வாக்கில் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி கொடுத்தார்கள். அதில் ஸ்க்ரூ டிரைவர் வைத்ததற்குக் காரணம், புதுத் துப்பாக்கியைக் கழற்ற அது வேண்டியிருந்தது. முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்து வந்தது. பிறகுதான் கார்ல் எல்சனர் அந்த வேலையைச் சுவிட்சர்லாந்துக்கே கொண்டுவந்து, 1897-இல் பிரசித்தமான ஆபீசர் கத்தியையும் செய்தார். ஆக, அன்றைக்குக் கத்திக்குள் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, துப்பாக்கியைக் கழற்ற. இன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர் வெளியே இருக்கிறது, கத்தியைக் கழற்ற. முன்னேற்றம் எந்தத் திசையில் போகிறது என்று மாமாவிடம் கேட்டேன். கேரட்டுக்கு லாரி வந்துவிட்டதா பார்க்கப் போயிருந்தார்.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு வைத்தியத்தில் இறங்கினேன். கால் திருகு தளர்த்தினால் கத்தி விர்ரென்று திறந்தது. ஆட்டமும் வந்துவிட்டது, அதே பால் பல் ஆட்டம். திரும்ப எட்டில் ஒரு பங்கு இறுக்கினால் ஆட்டம் நின்றது, கத்தியும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. அதைக் கையால் தேட முடியாது, காதால்தான் தேட வேண்டும். இறுக்கமாக இருந்தால் தகடு "க்ளிக்" என்கிறது. தளர்ந்தால் "கடக்". சரியான இடத்தில் வரும் "டக்" இருக்கிறதே, அதற்காக மனுஷன் 3,400 கொடுக்கலாம். அந்தச் சத்தத்துக்குத் திண்ணையில் படுத்திருந்த நாயின் ஒரு காது மட்டும் எழும்பியது. இன்னொரு தரம் செய்தேன். காது எழும்பியது. இருபது தரம் செய்திருப்பேன். பிறகு அது சலித்துப்போய் எழுந்து போனது. நான் போகவில்லை.

மடக்கியதும் கத்தி நடுவில் நிற்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு காகித அளவு சாய்வு. அதை அப்படியே விட்டிருக்கலாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சுவரை உரசிக்கொண்டிருந்ததைப் பொறுத்துக்கொண்டவன்தானே. ஆனால் அறுநூறு ரூபாய் டிரைவர் கையில் இருக்கும்போது மனம் கேட்காது. அச்சை முழுதாகக் கழற்றினேன். கத்திக்கு இரு பக்கமும் வெண்கல வாஷர் ஒன்று ஒன்று, நகக்கண் மாதிரி மெல்லிசு. ஒன்று கையில் இருந்தது. மற்றது எழுந்து நின்று, உருண்டு, காயப் போட்டிருந்த பூண்டுக் குவியலுக்குள் போயிற்று.

வாஷரின் நிறமும் பூண்டுச் சருகின் நிறமும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒவ்வொரு கட்டாக உதறித் தேடினேன். விடிந்ததும் அத்தைதான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். "இது என்ன தம்பி, மூக்குத்தித் திருகாணியா? பொம்பளப் பிள்ளைக யாரும் வரலையே" என்றார், கொஞ்சம் கவலையோடு.

திரும்பப் பூட்டி, எட்டில் ஒன்று, எட்டில் அரை என்று திருகி, காலை எட்டு மணிக்கு "டக்" மறுபடி கிடைத்தது. மாமாவிடம் கொடுத்தேன். வெறும் கட்டையை அரிவாள் பிடியாக்கிவிடக்கூடிய கை அவருக்கு. திறந்தார், தலையாட்டினார், விரல் நகத்தில் கூரைத் தொட்டுப் பார்த்து, "சவரமே பண்ணலாம் போலயே" என்றார். மூடத்தான் தெரியவில்லை. அழுத்தினார், தொடையில் வைத்துத் தள்ளினார். "இது மூடாதா மாப்ளே?" பேரன் வாங்கி, தகட்டை ஒற்றை விரலால் ஒதுக்கி, "டக்" என்று மூடிக் கொடுத்தான். யூடியூபில் பார்த்தானாம். கத்தியைக் கையில் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"சரி, இத வச்சு எத வெட்டப் போற?" என்றார் மாமா.

மதுரையில் நான் வெட்டுகிறவற்றை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பார்சல் டேப். பால் பாக்கெட்டின் மூலை. பூண்டு உரித்தே வருகிறது, டப்பாவில். பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்றால், ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைத்தான். மால் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் அதைப் படித்தவர் இல்லை. பழைய படங்களில் வில்லன் பட்டன் கத்தியைத் திறக்கிற காட்சியைப் பார்த்தவர். அந்த "டக்" அவருக்கும் தெரியும்.

வெட்ட ஏதாவது வேண்டுமே. வாசலில் அத்தை பூண்டுக்குத் தாளும் வேரும் அரிந்துகொண்டிருந்தார். என் சின்ன வயதில் அடுப்புப் புகையில் உத்தரத்தில் தொங்கிய அதே பூண்டுதான். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று புவிசார் குறியீடு வாங்கிவிட்டதால், இப்போது வருகிறவர்கள் அதனோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அத்தையின் கையில் இருந்தது ஆக்சா பிளேடு. உடைந்த பாதியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றியது. செலவு சைபர்.

"அத்தை, இதுல அரிஞ்சு பாருங்க."

நாலு பூண்டு அரிந்தார். வேர், வெண்ணெயில் இறங்கியது போல விழுந்தது. ஐந்தாவதை எடுக்காமல் கத்தியை முந்தானையில் துடைத்து நீட்டினார். "நல்லாத்தான் அறுக்குது. பிடி வழுக்குது தம்பி. கனமா வேற இருக்கு. ஒரு சாக்கு முடிக்கிறதுக்குள்ள மணிக்கட்டு போயிரும்." ஆக்சா பிளேடு மறுபடி கைக்குப் போயிற்று.

நான் எழுந்திருக்கும்போதுதான் கேட்டார். "ராத்திரி பூரா என்னமோ திருகிக்கிட்டு இருந்தியே, அந்தக் குட்டி திருப்புளியக் கொண்டா. கண்ணாடிக் கால் ஆடுது. குனிஞ்சா பூண்டுக்குள்ள விழுகுது."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். கண்ணாடித் திருகில் இருந்தது ஒற்றைக் கோடு. நட்சத்திரம் அதில் நுழையவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நுழையவில்லை. அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அப்பா இருந்திருந்தால் இதற்குள் கல்லைத் தேடியிருப்பார்.

கத்தியைத் திறந்தேன். டக். முனையைக் கோட்டில் வைத்து, மூச்சைப் பிடித்து, எட்டில் ஒரு திருகு. ஆட்டம் குறைந்தது. இன்னும் எட்டில் ஒன்று. நின்றுவிட்டது. கூடவே "கிட்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தூக்கிப் பார்த்தால், கத்தியின் முனையில் கடுகளவு காணோம்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னை ஒரு பார்வை, கத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத் தெரியுது" என்று அடுத்த கட்டைக் கையில் எடுத்தார்.