1869-க்கு ஒரு மான்மியம்

தேரூர்க் கவிமணி மருமக்கள்வழிக்கு மான்மியம் பாடினார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, அந்த முறையை வழியனுப்பத் தொடங்கிவிட்டது. மாமன் சொத்து மருமகனுக்குப் போக, பெற்ற பிள்ளை வாசலில் நின்ற அழகெல்லாம் அதோடு போயிற்று. பாடினால் கண்ணேறு படும் போலிருக்கிறது. இதே மண்ணின் கிறிஸ்தவப் பெண்களைத் தாங்கிய சட்டங்களை யாரும் பாடவில்லை. அவை நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தன.

அவற்றில் தலைமகன் 1869-ம் வருடத்து இந்திய விவாகரத்துச் சட்டம். பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று எழுதியது. மகாராஜாவின் குடிகளான நமக்குத் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு சீதனமாக வந்தது. மனித மனத்தை அதைப்போல் அறிந்த சட்டம் கிடையாது. ஆண் நொந்துபோகிறவன், மனைவி பிறனோடு இருந்தாள் என்று காட்டினால் போதும், விடுதலை. பெண்ணோ நெஞ்சுரம் படைத்தவள். கணவன் வேறொருத்தியோடு இருக்கிறான் என்ற சின்ன விஷயத்துக்கெல்லாம் அவள் கலங்கலாமா? அதோடு அவன் கொடுமையும் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருடம் கைவிட்டுப் போயிருக்க வேண்டும். வெறும் அடி மட்டுமே வாங்கியவளையும் சட்டம் கைவிடவில்லை. அவளுக்கு நீதிமன்றப் பிரிவு உண்டு: தனியாக இருக்கலாம், அவன் மனைவியாகவும் இருக்கலாம். மறுமணம் என்னும் தொல்லை மட்டும் கிடையாது.

34-ம் பிரிவை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். மனைவியோடு தொடர்பு வைத்தவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம். நாற்றில் மாடு இறங்கினால் பட்டியில் கட்டித் தண்டம் வாங்குவோமே, அந்த நியாயம். மனைவி அப்படிக் கேட்க வழி வைக்கவில்லை. பெண்கள் காசில் ஆசை வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். வழக்கு நடக்கும்போது அவளுக்குக் கிடைக்கும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்கும் வயிறு உண்டல்லவா? மீதி நாலு பங்கில் ஏதோ பிழைத்துக்கொள்வான்.

அவசரம் என்பதே அந்தச் சட்டத்துக்குப் பிடிக்காது. நாகர்கோவிலில் ஜில்லா நீதிபதி கலியாணத்தைக் கலைத்துத் தீர்ப்பெழுதினால் அது தீர்ப்பாகிவிடாது. சென்னைக்குப் போக வேண்டும். உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து உறுதி செய்ய வேண்டும். மதுரைக் கிளை 2004-ல்தான் வந்தது. தூக்குத் தண்டனையையும் இப்படித்தான் மேலே அனுப்புவார்கள். ஆனால் அதற்கு இரண்டு நீதிபதிகள் போதும். ஓர் உயிரைவிட ஒரு தாலிக்கு ஒரு நீதிபதி கூடுதல் மதிப்பு.

இந்தப் பொக்கிஷத்தின் மூலம் இங்கிலாந்தின் 1857-ம் வருடத்துச் சட்டம். நன்றிகெட்ட வெள்ளைக்காரன் 1923-லேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வைத்துவிட்டான். 1937-ல் கொடுமை மட்டுமே போதும் என்றான். நாம் அப்படியா? அவன் விட்டுப்போன பொருளை 2001 வரை பொத்திக் காத்தோம். நடுவில் 1995-ல் கேரள உயர்நீதிமன்றம் சும்மா இருக்காமல், கொடுமையோடு பிறன்மனைத் தொடர்பையும் சேர்த்து நிரூபிக்கச் சொல்வது சமத்துவத்துக்கு ஆகாது என்று வெட்டிவிட்டது. பாறசாலைக்காரிக்கு அடி போதும் என்றாயிற்று. களியக்காவிளைக்காரிக்கோ சட்டப் புத்தகம் மாறவில்லை: அடியும் வேண்டும், இன்னொருத்தியும் வேண்டும். ஒரே பஸ்ஸில் போகிற தூரத்துக்குள் இத்தனை உறுதி!

பிள்ளைகள் விஷயத்தில் 1890-ம் வருடத்துக் காப்பாளர் சட்டம் இன்னும் தெளிவு. தகப்பன் உயிரோடிருந்து, தகுதியற்றவன் என்று நீதிமன்றம் கருதாதவரை, பிள்ளைக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கக் கூடாது. அந்த வாக்கியத்தில் தாய் என்று ஒருத்தி இருப்பது நினைவுக்கு வர 120 வருடம் ஆயிற்று, 2010-ல் சேர்த்தார்கள். மறதி யாருக்குத்தான் இல்லை?

பிறந்த வீட்டுக்குத் திரும்பினால்? அதற்கும் 1916-ம் வருடத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் ஏற்பாடு செய்திருந்தது. மகன் பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது மகளுக்கு. சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. கொடுக்கிறேன் என்று அப்பா வாய்ச்சொல் சொல்லியிருந்தாலே இல்லை. அப்பாவின் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. கோட்டயத்து மேரி ராய் உச்சநீதிமன்றம்வரை போய் 1986-ல் அதைச் செல்லாக்காசாக்கினார்.

இப்போது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மனுக் கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளில் முதல் விசாரணை. அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும். எந்த வருடத்து அறுபது நாள் என்று மட்டும் எழுதவில்லை. பாதுகாப்பு உத்தரவை மீறுகிறவனுக்கு ஒரு வருடம்வரை சிறை, அல்லது இருபதாயிரம்வரை அபராதம், அல்லது இரண்டும். இருபதாயிரம் மறுவீட்டு விருந்துக்கே காணாது. அதற்கே நடுங்குகிற ஆண்கள் நம் ஊரில் நிறைந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்குத் தலைவணங்க வேண்டும். எப்படியும் மாஜிஸ்திரேட் வரை போக வீட்டார் விடுவதில்லை. வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டு, “சாரமில்ல மக்களே, போட்டு” என்று அம்மைமார் சொல்லும் தீர்ப்பு அன்றைக்கே கிடைக்கிறது, மேல்முறையீடும் இல்லை.

2001-ல் பாராளுமன்றம் மனமிரங்கி, இருவரும் சம்மதித்துப் பிரிய 10ஏ பிரிவு தந்தது. இந்து தம்பதி ஒரு வருடம் பிரிந்திருந்தால் மனுப் போடலாம். கிறிஸ்தவத் தம்பதிக்கு இரண்டு வருடம். கேரள உயர்நீதிமன்றம் 2010-ல் அந்த இரண்டை ஒன்றாக்கியது, 2022 டிசம்பரில் அந்த ஒன்றையும் எடுத்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் இரண்டு இரண்டாகவே நிற்கிறது. ஒன்று கேட்டால் ஒன்று கொசுறு.