காருக்குக் கொட்டா எங்கடா பேராண்டி?

அஞ்சாயிரமாடா? வருசத்துக்கா? அதுக்கா போனுல அந்தக் கத்து கத்துன?

இரு, நானே சொல்றேன். பெங்களூருல வாடகை வீடு. கார் நிறுத்த அதுல எடம் கெடையாது. நீ வாங்கியிருக்கிறது ஏழு பேரு உக்காருற வண்டி. உக்காருறது நீயும் உம் பொண்டாட்டியும். ராத்திரியானா அது தெருவுல படுத்துக்கும். 2021ல கர்நாடக அரசு பார்க்கிங் கொள்கைன்னு ஒண்ணு போட்டுது. வீட்டுத் தெருவுல நிறுத்துறவன் வருசா வருசம் பர்மிட்டு வாங்கணும். சின்னக் காருக்கு 1,000 ரூபா, நடுத்தரத்துக்கு 3,000லேருந்து 4,000, உன்னுது மாதிரி பெருசுக்கு 5,000ன்னு அதுல இருக்கு. படிச்சதுக்கே நெஞ்சப் புடிச்சிக்கிட்ட. கணக்குப் போடு. ஒரு நாளைக்குப் பதினாலு ரூபா கூட ஆவல. அதுக்கு ஒரு காபி குடுப்பானா அந்த ஊருல?

"ரோடு வரி கட்டுறேனே தாத்தா"ங்கிற. கட்டு, யாரு வேணாங்கறா? ஓட்டுறதுக்குத்தான அது? படுக்குறதுக்குமா?

நாங்க மாடு வாங்குனா மொதல்ல என்னா கேப்போம்? பாலு எத்தினி படின்னா? கட்டுறதுக்குக் கொட்டா இருக்கான்னுதான். கொட்டா இல்லாதவன் மாடு புடிச்சாந்தா ஊரே சிரிக்கும். அது அடுத்தவன் கொல்லையில பூந்துட்டா பட்டியில அடைச்சுத் தண்டம் கேப்பாங்க. பட்டணத்துலயும் அந்த நாயம் இருக்குது, மாட்டுக்கு மட்டும். சென்னை மாநகராட்சி 2024ல தீர்மானம் போட்டுது. தெருவுல திரியிற மாட்டப் புடிச்சா மொதத் தடவ 10,000 ரூபா, மறுபடி மாட்டுனா 15,000. கண்ட எடத்துல நிக்கிற காருக்கு? மொதத் தடவ 500. மாடாவது சாணி போடும்டா. உன் வண்டி என்னாத்தப் போடுது?

சப்பான்காரன் 1962லயே சட்டம் போட்டுட்டான். காரு வேணுமா, எடத்தக் காட்டு. வீட்டுலேருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள நிறுத்த எடம் இருக்குன்னு போலீசுகிட்ட சீட்டு வாங்கியாரணும். சிங்கப்பூருல உன் மச்சான் இருக்கானே, கேட்டுப் பாரு. அரசாங்க அடுக்குமாடியில கூரைக்கு அடியில நிறுத்த மாசம் 110 வெள்ளி. மாசம்டா! வெயில்ல காய்ஞ்சாலும் பரவால்லன்னா 80. அது நிறுத்துறதுக்கு. காரு வச்சிக்கவே பத்து வருசத்துக்கு ஒரு சீட்டு ஏலத்துல எடுக்கணும். 2023 அக்டோபர்ல சின்னக் காரு சீட்டே ஒரு லட்சத்து ஆறாயிரம் வெள்ளி. காரு வெல தனி. அவன் பஸ்ஸுல போறான், பணிவாப் பேசுறான்.

இங்க என்னா கூத்து? கேட்டுல 'இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்'னு போர்டு. போர்டு மாட்டுன தொரையோட காரு எங்க நிக்குது? அடுத்த வீட்டு வாசல்ல. காரு நிறுத்தன்னு பிளான்ல காட்டுன எடத்துல தையக்கட. வாடக அவருக்கு, தெரு ஊருக்கு. சில வண்டிக்கு உறை வேற போத்தி வச்சிருக்காங்க, மாசக்கணக்கா. தெரு யாரு பத்திரத்துலடா இருக்குது?

எடத்துக்கு மதிப்பு என்னான்னு நம்ம ஊரு வளையமாதேவிய வச்சே சொல்றேன். 2023 சூலையில சுரங்கத்துக்காகப் பரவனாத்தத் திருப்பக் கால்வா வெட்டுனாங்க. நட்ட நெல்லு மேல பொக்லைன் ஏறுனத நீ டிவியில பாத்திருப்ப. வழக்கு உயர் நீதிமன்றம் போச்சு. அழிஞ்ச பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா குடுக்கச் சொன்னாங்க. நெலத்து வெல வேற, இது பயிருக்கு மட்டும். ஏக்கரு நூறு செண்டு. செண்டுக்கு 400 ஆச்சா? ஒரு செண்டுல உன் வண்டி மூணு நிக்கும். அப்ப ஒரு வண்டி நிக்கிற எடத்துப் பயிரு 133 ரூபா. சென்னைத் தெருவுல காரு நிறுத்த மாநகராட்சி மணிக்கு 20 ரூபான்னு வச்சிது. ஏழு மணி நேரம் நீ சினிமாவும் பிரியாணியும் முடிச்சிட்டு வர்றதுக்குள்ள, அந்தக் கணக்குல நாலு மாசத்து நெல்லு தீந்துபோச்சு. எடத்த சல்லிசா வாங்குறது யாருன்னு இப்பச் சொல்லு.

"நீங்க மட்டும் ரோட்டுல நெல்லு காயப்போடலியா தாத்தா"ன்னு கேப்ப. கேளு, புத்திசாலிப் பய. போடுறோம், தப்புதான். ஆனா பொழுது சாஞ்சா அள்ளிடுறோம்ல? நெல்ல உறை போட்டு மூடி மூணு மாசம் ரோட்டுல வச்சவன் எவனாவது இருக்கானா?

பொங்கலுக்கு வரயில வண்டிய நம்ம கொட்டாவுக்குப் பக்கத்துல வுடு. பர்மிட்டு வேணாம், துட்டு வேணாம். பின்னாடி சீட்ட மடிச்சா நாலு மூட்ட நெல்லு ஏறும்ல? மில்லு வரைக்கும் ஒரு நட போயிட்டு வந்துடு. உம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லாத.