வெட்டி ஒட்டினால் இசையா?

கேள்வி: பழைய பாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி இசையமைப்பதே தொழில் என்கிறான் மகன். நம்பலாமா? (ஒரு தந்தை, மாட்டுங்கா)

பதில்: நம்பலாம், அனுமதி வாங்கினால். 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து துண்டெடுத்துத்தான் ஈழத்தமிழர் மகளான பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் 'பாம்பூ பங்கா'வைக் கட்டினார். எதை, எங்கே வெட்டுவது என்றறியும் காது கடையில் கிடைக்காது. 'திருட்டில்லையா?' என்பீர்கள். கேட்காமல் எடுத்தால் திருட்டேதான். இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் 1981ஆம் ஆண்டுப் பாட்டை அப்படி எடுத்த 'அடிக்டிவ்' என்ற பாட்டு இருந்த குறுந்தகட்டை, அவர் பெயரைப் போடாமல் விற்கக் கூடாதென்று 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் தடுத்தது. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டு. மெட்டுக்கோ, இசையமைப்பாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டு. அத்தனை காலம் ஏன் காத்திருக்க வேண்டும்? தாராவியின் தையல் இயந்திரத்துக்கும் தகரப் பட்டறைக்கும் தாளம் உண்டு, பதிப்புரிமை இல்லை. மகனுக்கு நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.