வெறுங்கை வள்ளல்

பட்டர்வொர்த் மாக் மண்டின் பக்கம் வந்து விசாரித்தால் எங்கள் அண்ணனின் அருமை தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

முதலில் அவருடைய பொறுமை. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும், முஸ்லிம் அல்லாதாருக்கான திருமண, விவாகரத்துச் சட்டம் 164-இன்படி, மனைவி மட்டும் விவாகரத்து கேட்டால் முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். இருவரும் ஒத்துப்போய்க் கூட்டு மனு போட்டால் அந்தப் படியை ஏற வேண்டியதே இல்லை. அண்ணன் அப்படி அவசரப்படுகிறவரா? கடிதம் வந்தது, போகவில்லை. மறுபடி வந்தது, அப்போதும் போகவில்லை. வீட்டு விஷயத்தை மூன்றாம் மனிதர் முன்னால் பேசக் கூசுகிற நாகரிகம் அது. குழுவுக்குச் சட்டம் தந்த ஆறு மாதத்தையும் ஒருநாள்கூட வீணாக்காமல் கழிய விட்டார். பிறகு கடல் தாண்டி லைட் ஸ்திரீட் உயர்நீதிமன்றம். அங்கே இடைக்காலத் தீர்ப்பு முழுத் தீர்ப்பாக இன்னும் மூன்று மாதம். அண்ணி ஒவ்வொரு முறையும் லீவு போட்டுப் படகேறினார். காற்றோட்டமான பயணம், அதற்கும் அண்ணனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சொத்து பிரிக்கும்போது அவர் காட்டிய தாராளம் இன்னும் பெரிது. "வீட்ட நீயே வெச்சுக்க, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தது. கணவன் மனைவி பிரிந்தது பேங்குக்கு ஒரு பொருட்டில்லை. பத்திரத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறதா, மாதத் தவணை வந்ததா, அவ்வளவுதான். அண்ணன் வீட்டைக் கொடுத்த அன்றே தவணையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பாதி தானம் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஒரே ஒரு வருத்தம் மட்டும் உண்டு அவருக்கு. அந்தச் சட்டத்துக்கு 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம், வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் பிள்ளை வளர்த்ததையும் பங்களிப்பாகக் கணக்கில் எடுத்துச் சமமாகப் பிரிப்பதை நோக்கச் சொல்கிறது. முன்பெல்லாம் சம்பாதித்தவருக்குத்தான் கூடுதல் பங்கு. "சோறாக்குனதுக்குமா பங்கு?" என்று கேட்டார். பதினாறு வருடம் மூன்று வேளையும் சாப்பிட்டவர், அதன் விலை அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தன்னடக்கத்தில் கேட்டிருப்பார்.

பிள்ளைகளுக்கு மாதம் ஐந்நூறு வெள்ளி கட்டச் சொன்னது கோர்ட். கட்டாவிட்டால் முதலாளியிடமே சொல்லிச் சம்பளத்தில் பிடிக்க 1968-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அண்ணன் எவ்வளவு கருணையுள்ளவர் பாருங்கள்: முதலாளிக்கு அந்தத் தொல்லை வேண்டாமென்று தொழிற்சாலை வேலையையே விட்டுவிட்டார். ஓவர்டைம், போனஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் துறந்தார். இப்போது தம்பி பெயரில் லோரி, அம்மா பெயரில் கடை, தன் பெயரில் வெறுங்கை. பட்டினத்தாருக்குப் பிறகு இப்படி ஒரு துறவை நான் கேள்விப்பட்டதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் பந்தல் போட்டு ஊருக்கே மோர் கொடுக்கிறாரே, அந்தப் பேனரில் மட்டும் அவர் பெயர், பெரிய எழுத்தில். எந்தக் கோர்ட்டும் வருமானக் கணக்கில் சேர்க்க முடியாத பெயர் அது.

சட்டமும் இப்படிப்பட்டவர்களை மதிக்கத் தெரிந்த சட்டம். பாக்கி விழுந்த ஜீவனாம்சத்துக்கு வழக்குப் போட்டால், அதற்கு முந்திய மூன்று வருடத்துப் பாக்கியைத்தான் கேட்க முடியும். அதற்கு முன்னால் உள்ளது போனது போனதுதான். ஆக, பொறுத்தவர் பூமியாள்வார். அண்ணி கூச்சப்பட்டுக் கேட்காமலிருந்த வருடங்கள் எல்லாம் அண்ணனுக்கே வரவு. மேல்படிப்பு முடியும்வரை பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமென்று அதே 2018 திருத்தம் சொல்கிறது. மகள் கடனாளியாகக் கூடாதே என்ற கவலையில், "படிச்சு என்னம்மா பண்ணப் போற, வேலைக்குப் போ" என்று புத்தி சொன்னார். கேட்கவில்லை, பி.டி.பி.டி.என். கடன் வாங்கிப் படிக்கிறாள். அப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளை!

அண்ணனை மட்டும் புகழ்ந்தால் அரசாங்கம் வருத்தப்படும். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி. மதம் மாறிய கணவர் 2009-இல் பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டுமென்று 2010-இல் உயர்நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணவரைப் பிடிக்கச் சொல்லி 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் போலீஸ் படைத் தலைவருக்கே கட்டளையிட்டது. 2018 ஜனவரி 29-இல், தாயைக் கேட்காமல் அவர் செய்த பிள்ளைகளின் மதமாற்றமே செல்லாது என்றது. போலீஸ் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நிதானம் தவறவில்லை. கைக்குழந்தை பள்ளிக்கூடம் போய்த் திரும்புகிற வயதுவரை தேடுவதென்றால் அது சாமானியப் பொறுமையா? ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையை மதம் மாற்றக் கூடாது என்கிற 88ஏ பிரிவு மேலே சொன்ன திருத்தத்தின் மசோதாவில் இருந்தது. 2017-இல் அதை மட்டும் பூப்போல எடுத்து வைத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நிறைவேறியது. என்ன ஒரு கைப்பக்குவம்!

அண்ணனிடம் குறையே இல்லையா என்றால், ஒன்று உண்டு. ஆபீஸ், பாரம், கையெழுத்து என்றால் அவருக்கு ஆகாது. தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் இ.பி.எஃப். நாமினியாகப் புது மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். விவாகரத்து ஆனாலும் அந்தப் பெயர் தானாக அழியாது. போட்டவர்தான் போய் மாற்ற வேண்டும். இப்போது வீட்டில் இன்னொரு மனைவி இருக்கிறார். அண்ணன் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

யாரும் அவருக்கு நினைவுபடுத்திவிடாதீர்கள்.